வயிற்று வலி என்று பிள்ளை சொன்னால்

(தோட்ட மண்டபம் ஒன்றில் பாட்டாளிகளுக்கு நிகழ்த்திய சுகாதார உரையின் எழுத்து வடிவம்)

விடியற்காலையில் பெய்த மழையால் மரங்கள் நனைந்து, பால் வெட்டு நின்றுபோன காரணத்தால்தான் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றீர்கள் என்பதை நாங்கள் அறிவோம். ஒரு நாள் சம்பளம் போன வருத்தத்தோடு வந்திருக்கும் உங்களுக்கு, அந்நேரத்திற்கு ஈடாக ஏதேனும் பயனுள்ளதைச் சொல்லியாக வேண்டும் என்ற பொறுப்பு எங்களுக்கு உண்டு.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறுகளையும், நாளமில்லாச் சுரப்பிகள் எனப்படும் உடலின் உள்சுரப்பிகளில் உண்டாகும் கோளாறுகளையும் எவ்வாறு அடையாளம் காண்பது என்பதாகும். இவ்விரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தோம் என்று நீங்கள் எண்ணலாம். வயிறு ஓரிடம், சுரப்பி வேறிடம் அல்லவா? இக்கேள்விக்கு விடையாக எங்கள் அனுபவத்தில் நேர்ந்த ஒன்றை முதலில் கூறுகின்றோம். அது எங்களுக்குப் பெருமை தருவதன்று.

பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு தாயார் தம் 9 வயது மகளை எங்களிடம் அழைத்து வந்தார். தந்தை பால் வெட்டுபவர். தாயார் களையெடுப்பு வேலை செய்பவர். பிள்ளைக்கு வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி. அன்று வெளியே நோயாளர் வரிசை நீண்டிருந்தது. நாங்கள் வயிற்றை அழுத்திப் பார்த்தோம், மெத்தென்றிருந்தது. காய்ச்சல் இல்லை. தோட்டத்துப் பிள்ளை, மெலிந்த உடல், வயிற்று வலி; ஆகவே பூச்சிதான் என்று முடிவு கட்டினோம். பூச்சி மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

மூன்றாம் நாள் விடியுமுன்னர் அதே பிள்ளையைத் தோட்டத்து லாரியில் கொண்டு வந்தார்கள். கண்கள் உள்வாங்கி, நாக்கு உலர்ந்து, அழைத்தால் மெல்ல முனகும் நிலை. நெடுந்தொலைவு ஓடி வந்தவரைப் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அம்மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் மணம். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தோம். சர்க்கரை அளவு 31 மில்லிமோல் என்று கருவி காட்டிற்று. தாகம், மெலிவு போன்ற அறிகுறிகள் உள்ள பிள்ளைக்கு 11.1 அல்லது அதற்கு மேலிருந்தாலே அது இனிப்புநீர் நோய்.

பிள்ளைக்கு மருத்துவம் தொடங்கிய பின்னரே நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டோம். பாட்டி சொன்னார்: "பிள்ளை ராத்திரி எழுந்து எழுந்து கெட்டில் தண்ணியைக் காலி பண்ணுதுங்க டாக்டர்." தாயார் சொன்னார்: பாயை நனைக்கும் பழக்கம் நான்கு வயதிலேயே நின்றுபோன பிள்ளை, ஒரு மாதமாக மீண்டும் நனைக்கின்றாள், அதற்காக அடியும் பட்டாள். பள்ளிச் சீருடைப் பாவாடை இடுப்பில் நில்லாமல் ஊக்குக் குத்திக்கொண்டு போனதை அக்காள் அறிந்திருந்தாள். குளியலறைக் கால்வாய் ஓரம் எறும்பு மொய்ப்பதைத் தந்தை பார்த்திருந்தார். நான்கு பேரிடம் நான்கு செய்திகள் இருந்தன. அவற்றை ஒன்று சேர்க்கும் கடமை எங்களுடையது. நாங்கள் வயிற்றை மட்டும் பார்த்தோம்.

அப்பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் படிவமும் முடித்தாள். ஆயினும், அந்த லாரி ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எங்களை விட்டு நீங்கவில்லை.

இந்நோயில் நடப்பது இதுதான். வயிற்றின் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு இருக்கின்றது. அது இன்சுலின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் கலக்கின்றது. உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடல் எரித்து வலிமையாக்குவதற்கு இன்சுலின் வேண்டும். அஃதில்லாத உடல், விறகு நிறைந்திருந்தும் தீப்பெட்டி இல்லாத வீட்டைப் போன்றது. எரியாத சர்க்கரை சிறுநீரில் இறங்குகின்றது. இறங்கும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகின்றது. அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். வேறு வழியின்றி உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும்போது புளிப்புத் தன்மையுள்ள கழிவுகள் இரத்தத்தில் சேர்கின்றன. வாந்தியும் வயிற்று வலியும் இவற்றால் வருவன. அக்கழிவுகளை வெளியேற்ற நுரையீரல் படும் பாடுதான் அந்த ஆழ்ந்த மூச்சு. நோய் சுரப்பியில், கூக்குரல் வயிற்றிலிருந்து.

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் இவ்வகை நோய், மிட்டாய் தின்றதால் வருவதன்று. உடலின் தற்காப்புச் சக்தியே தவறிப்போய்க் கணையத்தைத் தாக்குவதால் வருவது. பெற்றோர் செய்த குற்றம் எதுவும் இதில் இல்லை. 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கனடா நாட்டின் தொராந்தோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ மடிந்தனர். அச்சிறுவனோ அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்றைய பிள்ளை ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் படிக்கலாம், விளையாடலாம், மணந்துகொள்ளலாம். ஆனால், பாகற்காய்ச் சாறும் நாட்டு மருந்தும் இன்சுலினுக்கு ஈடாகா. அவற்றை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து என்பதை அழுத்தமாகச் சொல்கின்றோம்.

இன்னொன்று. பிள்ளை மெலிந்துவிட்டாளே என்று அத்தாயார் கெட்டிப் பால் ஊற்றி மிலோ கலக்கிக் கொடுத்து வந்தார். அன்பினால் செய்தது, யாரால் குறை சொல்ல முடியும்? தாகம், அடிக்கடி சிறுநீர், மெலிவு ஆகியவை ஒரு பிள்ளையிடம் ஒருங்கே தோன்றினால் இனிப்புப் பானம் எதுவும் கொடாமல் அன்றைக்கே, அடுத்த நாளுக்கு ஒத்தி வைக்காமல், மருந்தகத்திற்குக் கொண்டு செல்லுங்கள். "சர்க்கரை சோதித்துப் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒரு சொட்டு இரத்தம், ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை. அவ்வாறு கேட்பதை எந்த மருத்துவரும் அவமதிப்பாகக் கொள்ளக்கூடாது.

இனிப் பூச்சியைப் பற்றி. பூச்சி பொய் என்று நாங்கள் கூறவில்லை. 1974 முதல் 1983 வரை இந்நாட்டுப் பள்ளிகளில் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் நடைபெற்றதை உங்களுள் மூத்தவர்கள் நினைவுகூரலாம். உருண்டைப்புழுவின் முட்டைகள் மண்ணிலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வருகின்றன. கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகுந்து, குடலில் ஒட்டி இரத்தத்தைக் குடிக்கின்றது. உள்ளங்கையும் கண்ணின் கீழிமையும் வெளுத்த பிள்ளையிடம் இதை ஐயுற வேண்டும். புழுக்கள் பெருகித் திரண்டால் குடலே அடைத்துக்கொள்வதும் உண்டு. இதற்கு நல்ல மருந்து இருக்கின்றது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை கொடுத்தால் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் பெரும்பாலும் போய்விடும். அம்மருந்தினால் கேடில்லை. 'பூச்சிதான்' என்று சொல்லிவிட்டு வேறெதையும் கேளாமல் இருந்துவிடுகின்றோமே, அதுதான் கேடு. உறக்கத்தில் பல்லைக் கடிப்பதும், சர்க்கரை டப்பாவைத் தேடுவதும் பூச்சிக்கு அடையாளம் என்று நம்புவோர் இம்மண்டபத்திலும் இருப்பீர்கள். அவற்றுக்கு ஆதாரம் இல்லை.

வயிற்றினுள்ளேயே எழும் ஆபத்துகளுள் நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது குடல்வால் அழற்சி. அப்பெண்டிக்ஸ் என்று நீங்கள் சொல்வது இதைத்தான். வலி முதலில் தொப்புளைச் சுற்றி மங்கலாகத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைகொள்ளும். சார்ல்ஸ் மெக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889ஆம் ஆண்டில் அவ்விடத்தைக் குறித்துக் காட்டினார். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. பிள்ளைக்குச் சோறு வேண்டாம். வலிக்குப் பின்னரே வாந்தி. காய்ச்சல் மெதுவாக ஏறும். நிமிர்ந்து நடக்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடப்பான். வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனை இருக்கின்றது. பிள்ளையை ஒற்றைக் காலில் நொண்டி அடிக்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே குதிப்பவனுக்கு அழற்சி இருப்பது அரிது. ஒரு குதியிலேயே முகம் சுளித்து நின்றுவிட்டால் காத்திராதீர்கள். நன்றாகக் குதித்தாலும் வலி விடாமல் இருந்தால், அப்போதும் மருத்துவர் பார்க்கத்தான் வேண்டும்.

இத்தகைய வலிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். 'வயிறு சுத்தமானால் வலி போகும்' என்பது கணக்கு. வீங்கிப் புடைத்திருக்கும் குடல்வாலை அந்தப் பேதி மருந்து வெடிக்கச் செய்துவிடக்கூடும். 7 வயதுச் சிறுவன் ஒருவனை இவ்வாறு எண்ணெய் கொடுத்த மறுநாள் கொண்டு வந்தார்கள். வலி குறைந்துவிட்டது என்று பாட்டி மகிழ்ந்திருந்தார். குடல்வால் வெடித்ததால் உண்டான தற்காலிக ஆறுதல் அது. வயிறு முழுவதும் சீழ். ஓர் இரவில் முடிந்திருக்க வேண்டிய சிகிச்சை மூன்று வாரம் நீண்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் குடல்வால் இன்னும் விரைவாக வெடிக்கின்றது. அவர்களால் இடம் காட்டிச் சொல்லவும் இயலாது. ஆகவே, காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பேதி மருந்து வேண்டாம். மருத்துவர் பார்க்கும் வரை உணவும் வேண்டாம்.

கைக்குழந்தையிடம் வேறொன்று. மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை, சிறப்பாக முதலாண்டின் பிற்பாதியில், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் சட்டைக் கையைச் சுருட்டியது போலச் செருகிக்கொள்வதுண்டு. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழும், வெளுத்துப் போகும். சில நிமிடத்தில் அடங்கிச் சோர்ந்து கிடக்கும். கால் மணி நேரத்தில் மீண்டும் அதே அழுகை. இடையிடையே அமைதியாக இருப்பதைக் கண்டு 'சரியாகிவிட்டது' என்று ஏமாந்துவிடுகின்றோம். பின்னர் மலம் சிவப்பு அகர்-அகர் போலச் சளியும் இரத்தமுமாக வெளிப்படும். அது வரும்வரை காத்திருப்பதே தாமதம். காலத்தில் வந்தால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்திக் குடலை விடுவித்துவிடலாம். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் பச்சிளங் குழந்தையையும் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓம நீரில் தீரும் நோயன்று அது.

வளர்ந்த பையன்கள் வெட்கத்தினால் மறைக்கும் வலி ஒன்றும் இருக்கின்றது. விதை முறுக்கிக்கொண்டால் வலி அடிவயிற்றில் தெரியும். கேட்டால் 'வயிறு' என்றுதான் சொல்வான். ஆறு மணி நேரத்துக்குள் சரி செய்யாவிடில் அவ்வுறுப்பு அழிந்துபோகக்கூடும். தகப்பன்மார்களே, இதைக் கேட்டறிவது உங்கள் வேலை. தாயிடம் சொல்ல மாட்டான். டெங்கிக் காய்ச்சல் காலத்தில், காய்ச்சல் தணிந்துவரும் வேளையில் கடும் வயிற்று வலியும் ஓயாத வாந்தியும் கண்டால் அது நோய் முற்றுவதன் எச்சரிக்கை என்பதையும் மறவாதீர்கள்.

இவ்வளவையும் கேட்டு, இனி ஒவ்வொரு வயிற்று வலிக்கும் 999 எண்ணைச் சுழற்றிவிடாதீர்கள்! பிள்ளைகளின் வயிற்று வலியில் பெரும்பங்கு மலச்சிக்கலாலும் மனக்கலக்கத்தாலும் வருவதே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் ஆப்லி என்ற குழந்தை மருத்துவர் தம் துணைவரோடு 1000 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ பத்தில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வயிற்று வலி இருந்தது. அவர்களுள் பெரும்பாலோரிடம் உறுப்பு நோய் எதுவும் காணப்படவில்லை. வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளியிருக்கின்றதோ அவ்வளவுக்கு நோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அவர் கூறினார். ஆயினும் அவ்வலி நடிப்பன்று. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருப்பதால் மலத்தை அடக்கிக்கொள்ளும் பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கின்றது. தேர்வு நாளன்று வலிப்பதும் உண்மையான வலியே. ஆனால் உறக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், இரத்தம் கலந்த மலம், வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவை கூட இருந்தால் அதை மனத்தின் மேல் போட்டுவிடுதல் தகாது.

வளர்ச்சி என்றோம். தொண்டையின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி, உடல் வளர்வதற்கும் மூளை வளர்வதற்கும் இன்றியமையாதது. சில குழந்தைகள் இச்சுரப்பி இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறக்கின்றன. பிறந்தபோது பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சள்காமாலை வாரக் கணக்கில் நீடிக்கும், மலச்சிக்கல் இருக்கும், வயிறு உப்பித் தொப்புள் பிதுங்கும், நாக்குப் பருத்திருக்கும். இங்கும் பாருங்கள், கோளாறு கழுத்தில், அடையாளம் வயிற்றில்! இக்குழந்தைகள் அதிகம் அழுவதுமில்லை. பால் வெட்டப் போகும் தாய்க்கு அது வரமாகத் தோன்றும். 'என் பிள்ளை தங்கம், போட்ட இடத்தில் கிடக்கும்' என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கின்றோம். பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கும் குழந்தையைக் கண்டு நாங்கள் அஞ்சுகின்றோம். 1998ஆம் ஆண்டு முதல் இந்நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் படிப்படியாக, தொப்புள்கொடி இரத்தத்திலேயே இதற்கான சோதனை செய்யப்பட்டு வருகின்றது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து படிக்கும்; மாதக் கணக்கில் தாமதித்தால் இழந்த அறிவுத்திறன் திரும்பி வாராது. ஆகையால், 'இரத்தச் சோதனைக்கு மறுபடி வாருங்கள்' என்று மருத்துவமனை அழைத்தால், வேலை நாள் போகுமே என்று பாராமல் போங்கள். வீடு மாறியிருந்தால் புது முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தெரிவியுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுக் கதவு நிலையே போதுமான கருவி. பிறந்தநாள்தோறும் பிள்ளையை நிறுத்திப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நான்கு வயது முதல் பருவமடையும் வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் உயர வேண்டும். இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னரும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னரும் பருவ அடையாளங்கள் தோன்றினாலும் காட்டுங்கள். உடல் பருத்த பிள்ளையின் கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருந்தால், அதை அழுக்கென்று தேங்காய் நாரால் தேய்க்கின்றீர்கள். பிள்ளையோ வலியால் துடிக்கின்றது. அது அழுக்கன்று. இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளம். முன்பு பெரியவர்களிடம் மட்டுமே காணப்பட்ட இரண்டாம் வகை இனிப்புநீர் இப்போது பிள்ளைகளையும் தொட்டுவிட்டது. அவர்களுக்கும் சர்க்கரை சோதிக்க வேண்டும்.

தாய்மார்களே, விடியுமுன் நீங்கள் வேலைக்காட்டுக்குப் போய்விடுகின்றீர்கள். பிள்ளை எத்தனை முறை வெளிக்குப் போனது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆயாவுக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும், மூத்த பிள்ளைக்குத் தெரியும். மருந்தகத்துக்குப் புறப்படுமுன் அவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள். இயன்றால் அவர்களையே அழைத்து வாருங்கள். வலி எப்போது தொடங்கிற்று, எங்கிருந்து எங்கே போயிற்று, வாந்தி முன்னா பின்னா, என்ன நிறம், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான், வீட்டில் என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பவற்றைச் சொன்னால் பாதி நோய் அப்போதே தெரிந்துவிடும். விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நாங்கள் ஏச மாட்டோம். ஏசும் தகுதி எங்களுக்கு இல்லை என்பதைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டோமே.

பிள்ளைகளின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் கொண்டு வந்திருப்பவர்கள் வலப்புறத்து மேசைக்கு வரலாம். எடையும் உயரமும் பார்த்து எழுதித் தருவோம். சர்க்கரை சோதிக்கும் கருவியும் அங்கே இருக்கின்றது. தாகம் மிகுந்த பிள்ளை யாருக்கேனும் இருந்தால், வரிசையில் நிற்க வேண்டாம், முதலில் வாருங்கள்.